அழைப்பிதழில் அந்தப் படம் வேண்டாம்

கண்ணு,

கோபமாக ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். பேனாவை எடுத்தால் கை பழக்கத்தில் கண்ணு என்றே எழுதுகிறது. இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதை வைத்து, கல்யாணத்துக்கு முன்னால் அம்மா கொஞ்சி எழுதுகிறாள் என்று நினைத்துவிடாதே. நீ கொடுத்தனுப்பிய அழைப்பிதழ் மாதிரி நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. உன் அப்பா பாண்டிச்சேரியில் லோடு இறக்கிவிட்டு வரும்போது உன்னிடம் வாங்கி வந்து, உறையைப் பிரிக்காமலே என் மடியில் போட்டார். "உன் புள்ள குடுத்தான், பாரு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். நான் அப்போதுதான் சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்திருந்தேன். இடது கையால் உறையைப் பிரித்தேன். முன்பக்கத்தில் அந்தப் படம். தலையில் கூடை, நனைந்து ஒட்டிய புடவை, நடு உப்புப் பாத்தியில் நின்று சிரிக்கும் பெண். அதற்குக் கீழே தங்க எழுத்தில், "என் தாய்க்கு என் காணிக்கை." உள்ளே பிரித்தால், தாலி எடுத்துக் கொடுத்து வாழ்த்துபவர் என்று போட்டு நீ வேலை செய்கிற ஓவியரின் பெயர், உன் பெயரைவிடப் பெரியதாக. எழுந்து போய்த் தோட்டத்துப் பக்கம் வாயைக் கொப்பளித்தேன். இத்தனைக்கும் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

"அம்மா, வெள்ளிக்கிழமை பிரஸ்ல ஓகே சொல்லணும், நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை அனுப்பிடு" என்று போனில் உன் குரலைப் பதிந்து அனுப்பியிருக்கிறாய். ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் "அப்புறம் பேசறேம்மா" என்பாய். அதனால் பத்தாவது வரைக்கும் படித்த படிப்பை இன்றைக்குப் பயன்படுத்துகிறேன். இந்த உறையை நான் ஒட்டவில்லை. பெரிய முதலியார்சாவடியிலிருந்து நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவளும் இதைப் படிக்க வேண்டும். அந்தப் பெண் நேற்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். "அத்தை, அந்தப் படத்துல இருக்கிறது நீங்களாமே! சூப்பரா இருக்கீங்க அத்தை. எங்க ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்க" என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். அவளிடம் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். இன்னொரு முறை அந்தப் படத்துக்காகச் சிரித்துவிட்டேனே என்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

உன் ஓவியரை உனக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரியும். நான் பாவாடை தாவணி போட்டிருந்த காலத்தில் டீக்கடைக்கு வரும் வார இதழ்களில் தொடர்கதைக்கு அவர்தான் படம் போடுவார். கதையை யார் படித்தார்கள்? எங்களுக்குப் படம்தான். நீண்ட கண், நெற்றியில் விழுந்து கிடக்கும் ஒற்றை முடிக்கற்றை, மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி கையெழுத்து. கடைக்காரரிடம் கெஞ்சிப் பழைய இதழ்களை வாங்கி வந்து, அந்தப் பெண்களை வெட்டியெடுத்து, என் டிரங்குப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வரும்போது அந்தப் பெட்டியும் கூட வந்தது. நீ தவழும்போது மூடியைத் திறந்து வைத்தால் போதும், அழ மாட்டாய். அந்தப் படங்கள் மேல் விரலை ஓட்டி ஓட்டித்தான் உனக்குக் கை பழகியது. ஆகவே அந்த மனிதரை இந்த வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவள் நான்தான். அதை ஒத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம். நீ ஓவியக் காலேஜில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். அவர் உன் காலேஜுக்குப் பேச வந்தார் என்றும், நீ உன் படங்களைக் காட்டினாய் என்றும், எந்த ஊர் என்று கேட்டார் என்றும், மரக்காணம் என்றதும் "உப்பளமா? எனக்கு ஒரு உப்புக்காரி படம் பாக்கி இருக்கே தம்பி" என்றார் என்றும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய். "அம்மா, சார் நம்ம ஊருக்கு வர்றாரும்மா. உன்னைத்தான் வரையப் போறாரு. என்னை அசிஸ்டென்டா எடுத்துக்கினாலும் எடுத்துக்குவாரு." எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டி மூடியில் இருந்தவர்களோடு நானும் சேரப்போகிறேன் என்று, ஐம்பதை எட்டப்போகும் கிழவி, கண்ணாடியில் போய் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். கழுவெளி ஏரியில் நண்டு பிடிப்பவரிடம் சொல்லி வைத்தேன். புதுத் தட்டு வாங்கினேன்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். உப்பளத்தில் நாங்கள் யாரும் வெறும் புடவையோடு வேலை செய்வதில்லை. புடவைக்கு மேல் வீட்டு ஆம்பளைகளின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, கழுத்து வரைக்கும் பொத்தானை மாட்டிக்கொள்வோம். வாரிய உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் தூக்கினால், அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அது கடல் தண்ணீர் இல்லை, வெயிலில் காய்ந்து காய்ந்து எண்ணெய் மாதிரி தடித்துப்போன தண்ணீர். தோலில் பட்டு உலர்ந்தால் அறுக்கும். வியர்வையோடு சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். சட்டைதான் எங்களுக்கு இன்னொரு தோல். என் சட்டை உன் சட்டை. காலேஜில் முதல் வருஷம் நீ போட்டது, ஊதாக் கோடு போட்டது, வலது கைப் பக்கம் பச்சைப் பெயின்ட் கறை இருக்கும். கைமடிப்பு கிழிந்ததும் நீ வேண்டாம் என்று போட்டாய், நான் எடுத்து மாட்டிக்கொண்டேன். என் பிள்ளையின் சட்டை என்று அஞ்சலையிடம் பெருமையடித்துக்கொள்வேன். எனக்குப் பக்கத்துப் பாத்தியில் வாருகிறாளே, அந்த அஞ்சலை.

காலை ஒன்பது மணி இருக்கும். விடியும் முன்பே இறங்கி வாரியதால் நாங்கள் பாதி வேலை முடித்திருந்தோம். அவர் இருக்கிற இடையஞ்சாவடியிலிருந்து கார் வந்து ரோட்டோரம் நின்றது. நீ ஓடிப்போய்க் கதவைத் திறந்து குடை பிடித்தாய். வெள்ளைக் கதர், கேன்வாஸ் ஷூ, பத்தடிக்கு முன்னாலேயே அடிக்கும் ஜவ்வாது. வரப்பில் வழுக்கிவிடாமல் உன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் கும்பிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலிருந்து கீழ்வரைக்கும் என்னை அளந்தார். பிறகு பென்சிலின் பின்பக்கத்தால் என் தாடையைத் தூக்கி, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பினார். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிறவன்கூட முதலில் மாட்டைத் தட்டிக்கொடுப்பான். "ஏஜ் ஆயிடிச்சு. பரவால்ல, முகம் நான் பாத்துக்கறேன்" என்றார், என்னிடம் இல்லை, உன்னிடம். நீ தலையாட்டினாய்.

நடுப் பாத்தியில் நிற்கச் சொன்னார். உப்பை வாரி வரப்பில் சேர்த்துவிட்டு, வரப்பில் நின்றுதான் கூடையில் அள்ளுவோம், வரப்பு மேலேயே நடந்துபோய் அம்பாரத்தில் கொட்டுவோம். பாத்திக்கு நடுவில் தலையில் கூடையோடு நிற்கிற பைத்தியம் எந்த ஊரிலும் கிடையாது. சொன்னேன். "வெள்ளை சுத்தி வரணும்மா" என்றார். சரி என்று இறங்கினேன். தலையில் இருந்த சும்மாட்டுத் துணியை எடுக்கச் சொன்னார், முடி தெரிய வேண்டுமாம். எடுத்தேன். கூடை நேராக மண்டையில் உட்கார்ந்தது. புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகச் சொன்னார். செருகினேன். அப்புறம்தான் சட்டை. "இது கண்ணை உறுத்துது. ஆம்பளச் சட்டை போட்டா உழைக்கிற பொண்ணோட அழகே போயிடுது. அதக் கழட்டச் சொல்லு தம்பி."

நான் உன்னைப் பார்த்தேன். நீ "இல்ல சார், அதைப் போட்டாத்தான் வேலை செய்ய முடியும்" என்று சொல்வாய் என்று பார்த்தேன். உனக்குத் தெரியாததா? சின்ன வயதில் என் தோளில் எண்ணெய் தடவி விட்டவன் நீதானே. நீ என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, "அம்மா, பத்து நிமிஷம்தான். கழட்டிடும்மா. சார் வெயிட் பண்றாரு" என்றாய். வரப்பிலிருந்து அஞ்சலை கத்தினாள்: "அக்கா, வேணாங்க்கா! கூடை சொட்டும்! ஏம்பா தம்பி, உனக்கு அறிவில்ல?" நீ அவளைத் திரும்பிப் பார்த்து முறைத்தாய். மூக்கு ஒழுகிக்கொண்டு அவள் வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன், அவளை முறைத்தாய். நான் சட்டையைக் கழற்றி உன் கையில் கொடுத்தேன். உள்ளே புடவையும் ஜாக்கெட்டும் இருந்ததே, என்ன போய்விட்டது என்று நீ இப்போது கேட்கலாம். ஒன்பது பெண்கள், எடை போடுகிற ஆட்கள், லாரிக்காரர்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, என் பிள்ளை சொல்லி நான் ஒன்றைக் கழற்றினேன். என்ன போனது என்று உனக்குப் புரியவில்லையென்றால் இதற்கு மேல் எழுதிப் பிரயோசனம் இல்லை.

இதோடு நின்றிருந்தால்கூட மறந்திருப்பேன். அவர் இரண்டு கோடு இழுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "புடவை காத்துல பறக்குது. ஒட்டணும். வேலை செஞ்ச மாதிரித் தெரியணும் தம்பி. கொஞ்சம் தண்ணி ஊத்து." விடிவதற்கு முன்பிருந்து வேலை செய்தவள் வேலை செய்த மாதிரித் தெரியவில்லையாம். நீ சுற்றுமுற்றும் பார்த்தாய். எங்கள் பிளாஸ்டிக் மக் வரப்பில் கிடந்தது. அதை எடுத்தாய். குனிந்து பாத்தித் தண்ணீரை மொண்டாய். என் தோளில் ஊற்றினாய், அப்புறம் முதுகில், அப்புறம் அவர் "முன்னாடி" என்றதும் முன்னால் வந்து ஊற்றினாய். நான்கு மக் தண்ணீர். ஊற்றிக்கொண்டே என்னைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தாய். அவர் "ம்" என்று தலையசைத்தார். அந்த "ம்"முக்கு உன் முகம் பூத்ததே, கண்ணு! மூன்றாம் வகுப்பில் பரிசு வாங்கிக்கொண்டு ஓடிவந்தாயே, அதே முகம். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோல் எரிகிறது, மண்டையில் கூடை அழுத்துகிறது, லாரிக்காரன் ஒருவன் விசிலடிக்கிறான், நான் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன். அவர் உடனே, "அப்டியே இருக்கட்டும், அசையாதே" என்றார்.

பத்து நிமிஷம் என்றாய், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அந்த மனிதருக்குக் கை இருக்கிறது. நடுவில் எட்டிப் பார்த்தேன். ஐந்தாறு கோட்டில் கூடையின் பாரமும் கழுத்து நரம்பின் இழுப்பும் அப்படியே வந்திருந்தன. அவ்வளவு பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, எதிரில் நிற்பவளுக்கு எரிகிறது என்பது மட்டும் தெரியவில்லை. தெரியாதவன் செய்தால் போகட்டும் என்று விடலாம். இவ்வளவு தெரிந்தவர் செய்ததால்தான் எனக்கு இன்னும் குமட்டுகிறது.

அவரைக் காருக்குக் கூட்டிப்போனாய், குடையைப் பிடித்துக்கொண்டு. நான் கூடையை இறக்கி வரப்பில் உட்கார்ந்தேன். அதற்குள் வெயிலில் முதுகெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாகியிருந்தது. உப்பளத்தில் நல்ல தண்ணீருக்கு என்ன பாடு என்று உனக்குத் தெரியும். வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு கேன் சுமந்து வருவதுதான், மத்தியானம் வரைக்கும் தொண்டைக்கு அதுதான். அஞ்சலை தன் கேனைத் திறந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் என் தோளிலும் முதுகிலும் ஊற்றிக் கழுவினாள். "நீ எதுவும் பேசாத, குனி" என்றாள். நான் அழுதேனா என்று கேட்காதே. அவளும் கேட்கவில்லை.

இதற்குப் பிறகும் வீட்டுக்கு வந்து, அந்த மனிதருக்கு நான் இலை போட்டேன். என்னை என்னவென்று சொல்வது? தோளில் புடவை பட்டாலே உயிர் போகிறது, நண்டைக் கிண்டி எடுத்து எடுத்து வைக்கிறேன். ஒவ்வொரு காலாகக் கடித்து, உறிஞ்சி, சக்கையைப் புதுத் தட்டில் துப்பினார். "எல்லாம் பிரமாதம். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல், என்ன தம்பி, உப்பளத்துக்காரங்கன்னா அப்டித்தானோ?" என்றார். நீ சிரித்தாய். ரொம்ப நேரம் சிரித்தாய். கை கழுவ எழுந்தவர், கொடியில் கிடந்த என் சட்டையை இழுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். உன் சட்டை, கண்ணு. அடுப்புத் துணி என்று நினைத்திருப்பார். நீ பார்த்தாய். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாய். இரண்டு முறை சோப்புப் போட்டும் அதில் நண்டு வாடை போகவில்லை. அதோடுதான் மறுநாள் போட்டுக்கொண்டு போனேன். வேறு சட்டை ஏது.

அடுத்த வாரமே உன்னை அசிஸ்டென்டாக எடுத்துக்கொண்டார். நீ சந்தோஷமாக இருந்தாய், நான் வாயைத் திறக்கவில்லை. மார்கழியில் அந்தப் படம் ஒரு இரும்புக் கடையின் காலண்டராக வந்தது. முகம் நான் இல்லை, பெட்டி மூடியில் இருந்த அதே இருபது வயசுக்காரி, அதே முடிக்கற்றை. என் கால் வெடிப்பைக் காணோம், பூவிதழ் மாதிரி பாதம். ஆனால் முழங்கைக்குக் கீழே நான் பச்சை குத்தியிருக்கும் தேளை விடவில்லை, பார்க்க அழகாக இருந்திருக்கும். ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும் என் சிரிப்பையும் விடவில்லை. ஊரில் தெரியாதவர்கள் யார்? எடை போடும் ஷெட்டில் ஆணியடித்து மாட்டினார்கள். "இன்னா அக்கா, நடுப் பாத்தியில கூடையோட இன்னா வேலை?" என்று முதலில் கேலிதான் செய்தார்கள். அப்புறம் கேலி நின்றுவிட்டது, பார்வை மட்டும் மிச்சம். நான் குனிந்து வாரும்போது, காலண்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். அடுத்து வந்த கோடை முழுக்க வெந்து சாகிற வெயிலிலும் கழுத்துப் பொத்தானைக்கூட நான் திறக்கவில்லை.

உன் அப்பா அதை ஒரு டீக்கடையில் பார்த்திருக்கிறார். குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர், ரோட்டில் எத்தனை டீக்கடை. கடைக்காரரிடம் கேட்டு வாங்கிச் சுருட்டிக்கொண்டு வந்து பரண் மேல் வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் பக்கம் பார்க்காமல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எல்லாம் சரி. எதுக்குச் சிரிச்ச?" பிள்ளையின் முகம் பூத்தது, அதைப் பார்த்துச் சிரித்தேன் என்று சொன்னால், எதற்காகப் பூத்தது என்று கேட்பார். அதைச் சொன்னால் உன்னை அவர் மன்னிக்க மாட்டார். இத்தனை நாளாக அவர் என்னைத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். அந்தச் சிரிப்பு உனக்குக் கொடுத்தது. அதைத்தான் அந்த ஆள் எடுத்துக்கொண்டுபோய் இரும்புக் கடைக்காரனின் காலண்டரில் போட்டார். இப்போது நீ அதை உன் அழைப்பிதழில் போட்டு, என் தாய்க்குக் காணிக்கை என்று எழுதுகிறாய்.

கலைக்கு இதெல்லாம் தேவை என்று எனக்குப் பாடம் எடுக்காதே. எத்தனையோ பேர் எதை எதையோ வரைகிறார்கள், எனக்கு அதில் ஒரு சண்டையும் இல்லை. அந்த ஆளைக்கூட விடு, அவருக்கு நான் யாரோ. மக்கை எடுத்த கை அவருடையது இல்லை.

ஆனால் உன்னை மட்டும் திட்டிவிட்டு நான் நல்லவளாக உட்கார்ந்துகொள்ள முடியாது. இதை எழுதுவதற்குத்தான் காலையிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஒன்பது வயது. லீவு நாளில் என்னோடு உப்பளத்துக்கு வந்து, வரப்பில் உட்கார்ந்து, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் என்னை வரைந்தாய். உன் அப்பாவின் பெரிய சட்டை, தலையில் சும்மாடு, வெடித்த கால், வெயிலுக்கு இடுங்கிய கண், பல்லைக் கடித்திருந்த வாய். எதையும் விடவில்லை. ஓடிவந்து காட்டினாய். நான் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "இன்னாடா இது, பிச்சக்காரி மாதிரி வரைஞ்சு வெச்சிருக்க? இதான் உங்கம்மாவா? பொட்டில ஒட்டியிருக்குதே, அது மாதிரி அழகா வரையத் தெரியாதா உனக்கு?" என்று கேட்டு, முதுகில் ஒன்று வைத்து, அந்தத் தாளைக் கிழித்தேன். கிழித்ததோடு விட்டேனா, வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன். நீ அழுதுகொண்டே அன்று சாயங்காலமே பெட்டி மூடியைத் திறந்து வைத்து அந்த நீண்ட கண்களை வரைய ஆரம்பித்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்பதான் நல்லா இருக்குது" என்று சொல்லிச் சொல்லி உனக்கு ஊக்கம் கொடுத்தேன்.

அந்தச் சட்டை அசிங்கம் என்று உனக்கு முதலில் சொன்னது அவர் இல்லை. நான்தான். பதிமூன்று வருஷம் கழித்து நீ அதைக் கழற்றச் சொன்னபோது, நான் கற்றுக்கொடுத்ததைத்தான் எனக்கே திருப்பிச் சொன்னாய். இது புரிந்த நாளிலிருந்து அந்த மனிதரை நினைத்து வரும் அருவருப்பில் பாதி என் பக்கமே திரும்பி வருகிறது. நீ வரைந்ததில் அதற்குப் பிறகு என்னை ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. உன் ரூம் முழுக்க அவர் வரைந்த பெண்களின் தங்கைகள்தான்.

இப்போது உன்னை நம்பி ஒரு பெண் வரப்போகிறாள். அவளையும் யாராவது பெரிய மனிதன் ஒருநாள் அளந்து பார்ப்பான். அப்போது அளக்கிறவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. அவள் முகத்தைப் பார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாலும், எதற்குச் சிரிக்கிறாள் என்று ஒரு நிமிஷம் நின்று பார். மகளே, நீயும் கேட்டுக்கொள். இவன் முகம் பூக்கிறதே என்று எதையும் கழற்றிக் கொடுத்துவிடாதே. அஞ்சலை மாதிரி ஒருத்தி கத்தினால் அவள் பேச்சைக் கேள். என் பிள்ளை கெட்டவன் இல்லை, ஆனால் யாராவது தட்டிக்கொடுத்தால் தன்னை மறந்துவிடுவான்.

வெள்ளிக்கிழமை நீ பிரஸ்ஸுக்குச் சொல்ல வேண்டியது இது. முன்பக்கத்தில் அந்தப் படம் வரக் கூடாது. வெறும் மஞ்சள் அட்டையாக இருந்தாலும் போதும். தாலியை எடுத்துக் கொடுக்க ஊரில் எத்தனையோ கை இருக்கிறது, என் சட்டையில் துடைத்த கை வேண்டாம். கல்யாணத்துக்கு அவர் வந்தால் வரட்டும், வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், நானே பரிமாறுகிறேன். இதனால் உன் வேலை போகும் என்று பயப்படுவாய். போகலாம். அந்த வேலை எப்படி வந்தது என்று உனக்கும் எனக்கும் தெரியும். உன் அப்பாவிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எதுக்குச் சிரிச்ச என்ற கேள்விக்கு நீயே பதில் சொல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. தனியாக வா, காகிதமும் பென்சிலும் மட்டும் எடுத்துக்கொண்டு. மூன்றாவது பாத்தியில் இருப்பேன், வரப்பு மேல், ஊதாக் கோடு போட்ட சட்டையோடு. உட்கார்ந்து வரை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருப்பேன், சிரிக்கச் சொல்லாதே. இந்தத் தடவை நான் கிழிக்க மாட்டேன்.

வரும்போது நல்ல தண்ணீர் ஒரு கேன் தூக்கிக்கொண்டு வா, அஞ்சலைக்கு. அன்றைக்கு அவள் மத்தியானம் வரைக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் உப்பு வாரினாள். உனக்குத் தெரிந்திருக்காது. நீ குடை பிடித்துக்கொண்டிருந்தாய்.

அம்மா